குழந்தைகளோடு செய்யும் குமிழித் தின்பண்டங்கள்: முதல்முறை செய்பவர்களுக்கு

குமிழியை வைத்துக் குழந்தைகளுக்கு ஏதாவது தின்பண்டம் செய்யலாம் என்று யோசித்தால் உருண்டையான சாமான்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். முழுத் திராட்சை, உருண்டை மிட்டாய், பாப்கார்ன், கொழகொழவென்ற ஜவ்வரிசி முத்து. தட்டில் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்வதும் இதே வடிவமும் இதே அளவும்தான். அதனால் இங்கே சொல்லப்போகும் பண்டங்களில் பெரும்பாலானவை உருண்டையே இல்லை. பாலில் ஏறும் நுரை, எலுமிச்சைச் சாற்றில் பொங்கும் நுரை, சூடான கல்லில் மாவு விடும் ஓட்டைகள், இதெல்லாமும் குமிழிதானே. உள்ளே காற்றோ வாயுவோ அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். குழந்தையின் கைக்கு வேலை கொடுப்பதும் இந்த வகைக் குமிழிகள்தான். திராட்சையைத் தட்டில் அடுக்கினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நுரையை வரவழைக்கக் குழந்தை ஊத வேண்டும், குலுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும்.

3 வயதிலிருந்து 6, 7 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். அதற்கும் சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால் எதை மாற்ற வேண்டும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன்

கை கழுவுவதிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள். சோப்பு போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும் என்று சொன்னால் எந்தக் குழந்தையும் கேட்காது. விரல் இடுக்கிலெல்லாம் நுரை வருகிறதா பார் என்று சொன்னால் அதுவே நேரம் எடுத்துத் தேய்க்கும். கழுவி முடித்ததும் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: சோப்பு நுரை வாய்க்குப் போகக் கூடாது, மேசையில் செய்யும் நுரையை மட்டும் தின்னலாம். ஊதி விளையாடும் சோப்புக் குமிழி பாட்டிலை அன்றைக்குக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். குமிழியைத் தின்னலாம் என்று கேட்ட குழந்தை அந்தப் பாட்டிலையும் ருசி பார்க்கத்தான் நினைக்கும்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்தால் பால், முட்டை, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது உண்டா என்று அவரவர் வீட்டில் முன்பே கேட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒரு குழந்தைக்கு மட்டும் இல்லை என்று சொல்வது அதற்குப் பெரிய ஏமாற்றம்.

சாமான்களை அளந்து சின்னக் கிண்ணங்களில் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். நாம் அலமாரியில் தேடிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் மாவு கீழே கொட்டும். 3 வயதுக் குழந்தையால் ஊற்றவும் கிளறவும் வாழைப்பழத்தை மசிக்கவும் முடியும். 4, 5 வயதில் ஸ்பூனால் அளக்கலாம், மெத்தென்ற பழத்தை மழுங்கல் கத்தியால் நறுக்கலாம். அடுப்பும் கொதிக்கும் திரவமும் எப்போதும் பெரியவர் கையில்தான்.

அப்புறம், ஒரு நாளைக்கு ஒன்று போதும். இங்கே உள்ள எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்ய நினைத்தால் உங்களுக்கும் அலுப்பு, பிள்ளைக்கும் அழுகை.

முதலில் பால் நுரை

என்னைக் கேட்டால் இதில்தான் தொடங்க வேண்டும். அடுப்பு வேண்டாம், கத்தி வேண்டாம், தோற்றுப்போகவும் வழியில்லை.

வேண்டியது: ஒரு உயரமான டம்ளர், அதில் மூன்றில் ஒரு பங்கு குளிர்ந்த பால், ஒரு ஸ்ட்ரா, டம்ளரை வைக்க விளிம்புள்ள ஒரு தட்டு. தட்டு கட்டாயம் வேண்டும், நுரை வழிந்தே தீரும். கூடவே ஒரு டம்ளரில் வெறும் தண்ணீரும் வையுங்கள்.

முதலில் ஊதக் கற்றுக்கொடுங்கள். சின்னக் குழந்தைகள் ஸ்ட்ராவைப் பார்த்ததும் உறிஞ்சத்தான் செய்வார்கள். ஸ்ட்ராவின் ஒரு முனையை வாயில் வைத்து, மறு முனையைக் குழந்தையின் உள்ளங்கைக்கு நேரே பிடித்து ஊதச் சொல்லுங்கள். உள்ளங்கையில் காற்று படுவது தெரிந்ததும் புரிந்துவிடும். 

அடுத்து தண்ணீரில் ஊதட்டும். குமிழி வரும், மேலே வந்ததும் உடைந்துவிடும். ஊதுவதை நிறுத்தினால் ஒன்றுகூட மிஞ்சாது. இப்போது அதே ஸ்ட்ராவைப் பாலில் வைத்து மெதுவாக ஊதச் சொல்லுங்கள். இங்கே கதை வேறு. குமிழிகள் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முதலில் பெரிய பெரிய கண்ணாடிக் கூடுகள் மாதிரி வரும், அவற்றின் இடுக்கில் சின்னவை நெருக்கிக்கொண்டு நிற்கும், கொஞ்ச நேரத்தில் டம்ளர் வாயைத் தாண்டி ஒரு குன்று எழும்பி ஒரு பக்கமாகச் சாயும். ஏன் பால் மட்டும் இப்படி என்று குழந்தை கேட்டால் பதில் சுலபம். பாலில் புரதம் இருக்கிறது. அது ஒவ்வொரு குமிழியையும் சுற்றி மெல்லிய தோல் மாதிரி படிந்து, உடனே உடையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் அந்தத் தோல் இல்லை. 

நுரை குன்றானதும் ஸ்பூனால் அள்ளி, வட்டமாக நறுக்கிய பழுத்த வாழைப்பழத்தின் மேல் வையுங்கள். பாலில் ஒரு ஸ்பூன் பீட்ரூட் சாறு கலந்து ஊதினால் இளஞ்சிவப்பு நுரை கிடைக்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி டம்ளர், தனி ஸ்ட்ரா. இதில் மட்டும் தாராளம் காட்ட வேண்டாம், ஒருவர் ஊதியதை இன்னொருவர் குடித்தால் சளியும் சேர்ந்துதான் போகும்.

ஊத வராத குழந்தைக்கு இன்னொரு வழி உண்டு. இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு குளிர்ந்த பாலை ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கச் சொல்லுங்கள். பால் இருமடங்கு உயரத்துக்கு நுரைத்துவிடும். கொழுப்பு நீக்கிய பாலில் நுரை இன்னும் நன்றாக நிற்கும். சூடான பாலை மட்டும் மூடிய பாட்டிலில் குலுக்கவே கூடாது. ஆவியின் அழுத்தத்தில் மூடி தெறித்து முகத்தில் பட்டுவிடும்.

பொங்கும் எலுமிச்சை

ஒரு பெரிய டம்ளரில் பாதி அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர், அதாவது 200 மில்லி. அதில் 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, 2 டீஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை முழுக்கக் கரையும் வரை குழந்தை கிளறட்டும். கடைசியாக ஒரு பெரிய சிட்டிகை சமையல் சோடா, அளந்து சொன்னால் ஒரு டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு. போட்ட நொடியே சீறிக்கொண்டு மேலே வரும். அதற்காகத்தான் பாதி டம்ளர் என்று சொன்னேன்.

வரிசை முக்கியம். சோடாவை முதலில் போட்டுவிட்டுச் சர்க்கரையைக் கிளறிக்கொண்டிருந்தால் வாயுவெல்லாம் வெளியேறிவிடும், மிஞ்சுவது சப்பென்ற எலுமிச்சைத் தண்ணீர். சோடா கூடிப்போனால் உப்பும் சோப்பும் கலந்த மாதிரி ஒரு ருசி வந்துவிடும், பிள்ளைகள் ஒரே வாயில் துப்பிவிடுவார்கள். குறைவாகப் போட்டு, வேண்டுமானால் இன்னொரு துளி சேர்ப்பதே நல்லது. தண்ணீர் குளிர்ந்திருந்தால் வாயு கொஞ்ச நேரம் உள்ளேயே தங்கும், வெதுவெதுப்பாக இருந்தால் சட்டென்று ஓடிவிடும்.

எலுமிச்சையின் புளிப்பும் சோடாவும் சேரும்போது கார்பன் டை ஆக்ஸைடு பிறக்கிறது. நாம் வெளியே விடும் மூச்சிலும் இருக்கும் அதே வாயு. ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர் 1767ல் லீட்ஸ் நகரத்து பீர் ஆலையில் புளித்துக்கொண்டிருந்த பீரிலிருந்து வந்த இந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். அதைச் செய்யும் முறையை 1772ல் எழுதியும் வெளியிட்டார். 6, 7 வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

இதே பண்டத்தில் நிறமும் மாற வேண்டுமா? ஊதா முட்டைக்கோஸை நறுக்கி வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி ஆறவையுங்கள். அந்த ஊதாத் தண்ணீரில் எலுமிச்சை விழுந்ததும் இளஞ்சிவப்பாகும். வேறொரு கிண்ணத்தில் எடுத்துச் சோடா மட்டும் போட்டால் நீலமாகும். குடிக்கும் எலுமிச்சைத் தண்ணீரில் இந்த ஊதாத் தண்ணீரை இரண்டு ஸ்பூன் கலந்தால் நிறம் வரும், முட்டைக்கோஸ் வாசனை அவ்வளவாகத் தெரியாது. நீலக் கிண்ணம் பார்ப்பதற்கு மட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். சோடா கலந்த எதையும் பாட்டிலில் ஊற்றி மூடக் கூடாது, வாயு அழுத்தி வெடித்துவிடும். இரண்டாவது, சமையல் சோடாவில் சோடியம் இருக்கிறது, எலுமிச்சையின் புளிப்பு பல்லுக்கு நல்லதில்லை. ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர், அதுவும் எப்போதாவது. 2 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்காதீர்கள், அவர்கள் பால் நுரையோடு நிற்கட்டும். விருந்துகளில் புகைவிடும் உலர் பனிக்கட்டியைக் குழந்தைகள் இருக்கும் மேசைக்குக் கொண்டுவரவே வேண்டாம். தொட்டால் தோல் வெந்துபோகும், விழுங்கினால் ஆபத்து.

ஓட்டை விடும் பான்கேக்

இதில் குமிழி வெறும் வேடிக்கை இல்லை, எப்போது திருப்ப வேண்டும் என்று சொல்வதே அதுதான். அதனால் குமிழி பார்க்கும் வேலையைக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். அடுப்பிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, கல்லின் மேற்பரப்பு தெரிகிற உயரத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவையுங்கள்.

மாவுக்கு: 1 கப் மைதா, 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றை ஒரு பாத்திரத்தில் கலந்து வையுங்கள். இன்னொன்றில் முக்கால் கப் பால், ஒரு முட்டை, ஒரு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய். இரண்டையும் சேர்த்துக் குழந்தை கிளறட்டும். கட்டி கட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, மாவு நனைந்ததும் நிறுத்திவிடுங்கள். வழவழவென்று வரும் வரை அடித்தால் பான்கேக் ரப்பராகிவிடும். 10 நிமிடம் அப்படியே வைத்துப் பார்த்தால் கிண்ணத்திலேயே சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும். பேக்கிங் பவுடரில் கொஞ்சம் ஈரம் பட்டதும் வேலை செய்யும், மீதி சூடு பட்டதும் வேலை செய்யும்.

மிதமான சூட்டுக்கும் கொஞ்சம் குறைவான சூட்டில் கல்லை வைத்து, வெண்ணெய் தடவி, மாவைச் சின்னதும் பெரியதுமாக வட்டம் வட்டமாக ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூனில் ஒன்று, ஒரு டேபிள்ஸ்பூனில் ஒன்று, சின்னக் கரண்டியில் ஒன்று. இனி காத்திருக்க வேண்டும். மேலே முதல் குமிழி எழும், உடையும், அந்த இடத்தில் மாவு மறுபடி மூடிக்கொள்ளும். இப்போது திருப்பக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் உடைந்த குமிழிகளின் ஓட்டை மூடாமல் அப்படியே நிற்கும், ஓரத்தின் பளபளப்பும் போய்விடும். மூடாத ஓட்டையைப் பார்த்ததும் சத்தமாகச் சொல் என்று குழந்தையிடம் சொல்லியிருந்தால், சரியான நேரத்தில் கத்தல் வரும். திருப்புங்கள், ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

மாவை நக்கிப் பார்க்கும் ஆசை எல்லாக் குழந்தைக்கும் உண்டு. பச்சை முட்டையிலும் வேகாத மாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம், அதனால் விடாதீர்கள். கை சும்மா இருக்காத குழந்தைக்கு ஒரு கிண்ணத்தில் பழத் துண்டு கொடுத்துவிட்டால் மாவுக் கரண்டியை மறந்துவிடும்.

வெந்த வட்டங்களைப் பெரிய தட்டில், கீழே சின்னது மேலே பெரியது என்று மிதந்து எழுவது போல அடுக்கும் வேலை பிள்ளைகளுடையது. இடையிடையே கெட்டித் தயிரைச் சொட்டு சொட்டாக வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும். தேன் ஊற்றுவதானால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அது கூடவே கூடாது.

சாறு முத்துகள்: கொஞ்சம் பொறுமை வேண்டும்

இந்த நான்கில் குழந்தைகள் வாயைப் பிளந்து பார்ப்பது இதைத்தான். ஆனால் 4 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும், உட்கார்ந்து ஸ்பூனால் மட்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்று சொல்லிவிடுகிறேன். 1980களில் தைவானில் தோன்றிய பபிள் டீ, மரவள்ளி மாவு முத்துகளோடு உலகமெல்லாம் பரவியது. அந்த முத்துகள் சவ்வு போல மென்மையாகவும் வழுக்கலாகவும் இருக்கும். தடித்த ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது நேரே தொண்டைக்குப் பாய்ந்துவிடும். சின்னக் குழந்தைகளுக்கு அது மூச்சுக்குழாயில் போகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டுக்கான கூட்டாட்சி நிறுவனம் 2012ல் எச்சரித்தது. கொன்ஜாக் என்ற கிழங்கின் மாவு சேர்த்த ஜெல்லி மிட்டாய்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே காரணத்துக்காகத் தடையே உண்டு. நாம் இங்கே பயன்படுத்துவது அகர் அகர், அதாவது சைனா கிராஸ். அது லேசாகக் கடித்ததும் நொறுங்கிவிடும், சவ்வாக இழுக்காது. ஆனாலும் ஸ்ட்ரா வேண்டாம்.

ஒரு உயரமான டம்ளரில் வாசனையில்லாத எண்ணெயை முக்கால் பங்கு ஊற்றி ஃப்ரீசரில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் வையுங்கள். நன்றாகக் குளிர வேண்டும், ஆனால் உறையக் கூடாது. டம்ளர் உயரமாக இருந்தால்தான் சொட்டு கீழே போய்ச் சேருவதற்குள் இறுகும்.

250 மில்லி பழச்சாற்றில் ஒரு மட்டமான டீஸ்பூன் அகர் அகர் பொடியைக் கலந்து, கிளறிக்கொண்டே கொதிக்கவையுங்கள். இரண்டு நிமிடம் கொதித்தால்தான் பொடி முழுக்கக் கரையும், வெறும் வெந்நீரில் கலக்கினால் கரையாது. ஆரஞ்சு, மாதுளை, மாம்பழச் சாறு எதுவானாலும் சரி, சக்கை இல்லாமல் வடிகட்டிக்கொள்ளுங்கள். எலுமிச்சை போன்ற கடும் புளிப்புச் சாற்றைத் தனியாக எடுக்காதீர்கள், அகர் சரியாக இறுகாது. புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாற்றில் வழக்கமாக ஜெல்லிக்குப் போடும் ஜெலட்டின் இறுகாது, அகர் இறுகும். பிள்ளைகளுக்கு அன்னாசி பிடிக்கும் என்றால் யோசிக்க வேண்டாம்.

அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிடுங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துச் சுடாமல் இதமாக இருக்கும்போதுதான் குழந்தையின் கைக்குப் போக வேண்டும். அதற்கு மேலும் ஆறவிட்டால் கிண்ணத்திலேயே கட்டிவிடும், ஏனென்றால் 40 டிகிரிக்குக் கீழே போனதும் அகர் இறுகத் தொடங்கும். அதனால் சாற்றுக் கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பெரிய கிண்ணத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் செய்ய நேரம் கிடைக்கும். கட்டிவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மறுபடி கொதிக்கவைத்தால் உருகிவிடும்.

இப்போது சொட்டு மருந்து ஃபில்லர் மாதிரியான புதிய, சுத்தமான ஒன்றில் சாற்றை இழுத்து, குளிர்ந்த எண்ணெயில் ஒவ்வொரு சொட்டாக விடச் சொல்லுங்கள். சொட்டு எண்ணெயில் விழுந்ததும் கொஞ்சம் தடுமாறும், பிறகு தானாகவே வட்டமாகத் திரண்டு, மெதுவாகக் கீழே இறங்கும். எண்ணெயும் தண்ணீரும் சேராது, அதனால் சாறு தன்னைச் சுருக்கிக்கொண்டு உருண்டையாகிறது. இறங்கும் வழியில் குளிரில் இறுகிவிடுகிறது. ஒரே இடத்தில் வேகமாகச் சொட்டினால் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு பெரிய கட்டியாகிவிடும். இடம் மாற்றி மாற்றிச் சொட்டச் சொல்லுங்கள். மிளகு அளவு இருந்தால் போதும், அதைவிடப் பெரிதாகப் போனால் ஸ்பூனால் நசுக்கிவிடுங்கள்.

வடிகட்டியில் எண்ணெயை வடித்து, முத்துகளைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசினால் தயார். தயிரின் மேலோ நறுக்கிய பழத்தின் மேலோ தூவிக் கொடுக்கலாம்.

வீட்டில் 4 வயதுக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால் அதே சாற்றைத் தட்டையான தட்டில் மெல்லிய தகடாக ஊற்றி, இறுகியதும் சின்ன மூடியால் வட்டம் வட்டமாக வெட்டிக் கொடுங்கள். பார்க்கக் குமிழி மாதிரியே இருக்கும், வாயில் போட்டால் உடைந்துவிடும்.

நேரமில்லாத நாளுக்கு

கெட்டித் தயிரில் மசித்த பழத்தைக் கலந்து, பிளாஸ்டிக் உறையின் மூலையைக் கத்தரித்து, வெண்ணெய்த்தாள் விரித்த தட்டில் சின்னச் சின்னப் பொட்டாகப் பிழிந்து ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் உறைந்த தயிர்ப் பொட்டு. தட்டையாகப் பிழியுங்கள், கூம்பாக வேண்டாம், கொடுப்பதற்கு முன் ஓரிரு நிமிடம் வெளியே வைத்துக் கொஞ்சம் இளகவிடுங்கள். நன்கு பழுத்த தர்பூசணியையோ முலாம்பழத்தையோ வட்ட ஸ்பூனால் அரை உருண்டையாகத் தோண்டலாம். முழு உருண்டை வேண்டாம். திராட்சை வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். குறுக்கே வெட்டினால் மறுபடியும் வட்டமாகத்தான் இருக்கும். பாப்கார்னை இந்த வயதில் தொடவே வேண்டாம்.

எதைச் செய்தாலும் சாப்பிடும்போது ஓடக் கூடாது, படுக்கக் கூடாது, பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். அடைத்துக்கொண்ட குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது, அடுத்த அறையிலிருந்து உங்களுக்குத் தெரியவே தெரியாது. சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். இருமலும் வரவில்லை, மூச்சும் விட முடியவில்லை என்றால் ஒருவர் அவசர உதவியை அழைக்க, இன்னொருவர் குழந்தையை முன்பக்கம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்ட வேண்டும். அப்போதும் வெளியே வரவில்லை என்றால், ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்த வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். முதலுதவி வகுப்பு ஒன்றில் இதை ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டால் பதற்றத்தில் கை தடுமாறாது.

மிச்சம் மீதி

பால் நுரையும் எலுமிச்சையும் உடனே முடித்துவிட வேண்டியவை. பான்கேக் ஆறியதும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் காலையில் சூடாக்கலாம். சாறு முத்துகளை அதே சாற்றில் மூழ்கவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் இருக்கும். தண்ணீரில் வைத்தால் ருசி போய்விடும். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், அகர் உறைந்து உருகினால் தண்ணீர் விட்டுச் சக்கையாகிவிடும். வடித்த எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத சாறு மிச்சம் இருக்கும், அதை நேரே அடுப்பில் சூடாக்கினால் படபடவென்று தெறிக்கும். மூடி போட்ட பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்து, ஓரிரு நாளிலேயே அடுத்த முத்துத் தவணைக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.